எழுத்தில் எட்டு, இலக்கத்தில் பதினான்கு

மச்சான்,

இன்று காலை உன் மகள் நஸீஹா வந்தாள். பிளாஸ்டிக் உறை ஒன்றிலிருந்து நான்கு தாள்களை எடுத்து என் மேசையில் வைத்தாள். வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் ஏறிய முத்திரைத் தாள், இடது மூலையில் துருப்பிடித்த குண்டூசி, வயிற்றில் மை அடைத்துக்கொண்ட ஆங்கில எழுத்துகள். அது என் டைப்ரைட்டர் அடித்த எழுத்து. உன்னுடையது சுத்தமாக அடிக்கும். என்னுடையதை ஊசியால் குத்தித் துப்புரவு செய்ய மாட்டேன் என்று நீ எத்தனையோ தரம் ஏசியிருக்கிறாய். தாளைக் கிட்ட எடுத்தேன். நாம் வேலை செய்த பழைய கந்தோரின் வாசம் வந்தது. கார்பன் கடதாசி, பூச்சி உருண்டை, பெரியவரின் சுருட்டு.

நஸீஹாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. உன் மனைவி ஜெமீலா அந்த வீட்டையும் வளவையும் மகளின் பேருக்கு எழுதப்போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் பழைய காணி உறுதியின் பிரதியைக் கேட்டிருக்கிறார்கள். சமாதான நீதவான் ஒருவர் அதில் 'உண்மைப் பிரதி' என்று எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்த வேண்டும். ஊரில் என்னைப் போலச் சமாதான நீதவான்களுக்கு என்ன பஞ்சமா? அவள் என்னைத் தேடி வந்தாள்.

"அவசரம் இல்ல மாமா, ஆறுதலாப் பாத்து வெய்ங்க. அஸருக்குப் பொறகு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நடை அப்படியே உன்னுடையது, ஒரு தோள் கொஞ்சம் இறங்கி.

நீ மௌத்தாகிப் பதின்மூன்று வருஷம். இறந்தவனுக்கு எழுதினால் அவனுடைய நல்ல குணங்களை எழுத வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அஸர் தொழுகை வரைக்கும்தான் நேரம் இருக்கிறது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கல்முனைப் பெரிய தெருவில், காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசான பெரியவரின் கந்தோர். முன்னறையில் முகத்துக்கு முகம் பார்த்த இரண்டு மேசைகள், ஒன்றில் நீ, ஒன்றில் நான். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். உறுதிகளைப் பெரியவர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் எழுதினால் கட்டணம் குறைவாகத் தருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ஆங்கிலத்தில் எண் என்று ஒன்று வந்தால் அதை முதலில் எழுத்தில் எழுத வேண்டும், பிறகு அடைப்புக்குறிக்குள் இலக்கம். உறுதியின் இலக்கம், தேதி, ஆண்டு, வயது, காணியின் நீளம் அகலம் எல்லாம் அப்படித்தான். ஓர் உறுதியில் முப்பது நாற்பது எண்களாவது வரும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கிறவர்களுக்குப் பெரியவர் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்வார். இலக்கத்தைத் திருத்தக் கள்ளனுக்கு ஒரு கோடு போதும், ஒன்றை ஏழாக்கலாம், பின்னால் ஒரு பூச்சியம் போடலாம். எழுத்தில் எழுதினால் கை வைக்க முடியாது. அதனால் எழுத்தும் இலக்கமும் ஒன்றுக்கொன்று மாறாக இருந்தால் எழுத்துத்தான் நிற்கும், இலக்கம் விழுந்துவிடும். இவ்வளவையும் அவர் கால் மணித்தியாலம் சொல்வார். நீ நாலு சொல்லில் சொல்வாய். "இலக்கத்த விடு மச்சான், எழுத்த வாசி."

உனக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. எனக்கு வரவில்லை. நாற்பதையும் தொண்ணூறையும் ஆங்கில எழுத்தில் எழுதும்போது என் கை ஒவ்வொரு தரமும் தடுமாறும். ஒருநாள் சாகாமத்திலிருந்து வயல் உறுதி எழுத வந்த நிலக்காரப் போடியார் வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, மூன்று முத்திரைத் தாளை வரிசையாகப் பழுதாக்கினேன். நீ எழும்பினாய். ஒரு முழுத் தாளை உன் டைப்ரைட்டரில் ஏற்றி, ஒன்றிலிருந்து நூறு வரை எழுத்தில் அடித்தாய். மேலே என் பெயரைப் போட்டு அதன் கீழே 'முதலாம் வகுப்பு' என்று அடித்து, பசை பூசி, என் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினாய்.

"இனிப் பயம் இல்ல போடியார், வாத்தியார் மேல நிக்கார்," என்றாய்.

போடியார் சிரித்தார். வாங்கில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். உள்ளே இருந்து பெரியவர் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொரு தரம் சிரிப்பார்கள். கந்தோருக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் சுவரைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வீட்டில் நோயாளி உம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற குமர் தங்கச்சி இரண்டு. நீ என்னுடைய காய்ச்சல் நாட்களில் என் பங்கையும் அடித்துத் தந்தவன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளை ஒட்டியவனும் நீதான்.

அடுத்த கார்த்திகையில் சூறாவளி வந்தது. எழுபத்தெட்டில் அடித்த அந்தக் காற்று தென்னைகளை மட்டுமா கொண்டு போனது? வேலிகளைக் கொண்டுபோனது. விடிந்தபோது யாருடைய வளவு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வேலிக் கதியால் நின்ற இடம் எல்லாம் மணல். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எங்கள் கந்தோரில் கால் வைக்க இடமில்லை. எல்லாருக்கும் உறுதி வேண்டும், உறுதியில் அளவு வேண்டும்.

உன் மாமனாராக வரப்போகிறவரும் அந்தக் கூட்டத்தோடுதான் வந்தார். கல்முனைக்குடியில் புடவைக் கடை வைத்திருந்தவர். ஜெமீலா ஒரே பிள்ளை. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நிக்காஹ்வுக்கு முதல் வீடு பெண்ணின் பேருக்கு வந்துவிட வேண்டும். அவருக்கு அதைவிடவும் அவசரம் இருந்தது. ஆண் பிள்ளை இல்லாதவர் மௌத்தானால், அவர் பேரில் நிற்கிற சொத்தில் உடன்பிறந்த தம்பிக்கும் பங்கு போகும். அவருடைய தம்பி, ஜெமீலாவின் சாச்சா, தெற்குப் பக்கத்து வளவிலேயே இருந்தார். வேலி போன நாள் முதல் அவர் கண் அண்ணனின் கிணற்றடியிலேயே இருந்தது. அந்த வட்டாரத்தில் கோடையிலும் உப்புக் கலக்காத நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான்.

மாமனார் கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டைக் கொண்டுவந்தார். பென்சிலால் இலக்கம் மட்டும் எழுதியிருந்தது. கிழக்கு மேற்காக 12 பாகம். வடக்குத் தெற்காக 14 பாகம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு ஒரு பாகம். அந்தப் பதினான்காவது பாகம் கிணற்றுக்கு அப்பால் போய் முடியும். வீடு, குசினி, கிணறு எல்லாம் அதற்குள் அடக்கம்.

கந்தோரில் ஓர் ஒழுங்கு இருந்தது. உறுதி அடித்து முடிந்ததும் இரண்டு பேர் ஒப்புப் பார்க்க வேண்டும். ஒருவன் குறிப்பிலிருந்து உரத்து வாசிப்பான், மற்றவன் அடித்த தாளில் விரல் வைத்துப் போவான். முடிந்ததும் கந்தோர்ப் பிரதியின் அடியில் இருவரும் பெயரின் முதலெழுத்துகளை வைப்போம். கந்தோரில் உன்னைப் போல ஒப்புப் பார்க்க ஆள் இல்லை. ஒரு காற்புள்ளி தவறினாலும் உன் விரல் நின்றுவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் துண்டை எடுத்து முன்னால் வைத்ததும் நீ நாற்காலியை விட்டு எழும்பிவிட்டாய். காது சிவந்துபோய் இருந்தது.

"எனக்கு வெக்கமா இரிக்கி மச்சான். நான் பாக்க மாட்டன். நீயே அடிச்சி நீயே பாத்துக்க."

"ஒப்பு ஆரு பாக்கிற?"

"நீ பாரு. எனக்கிட்டக் காட்டாத. வளவு அளக்க வந்த மாப்புள எண்டு செல்லுவானுகள்."

அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் தெரியும். பெண் வீட்டின் உறுதியை நிக்காஹ்வுக்கு முதல் எட்டிப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஊரில் ஆயுள் முழுக்க அந்தப் பெயர்தான். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஊரார் உறுதியெல்லாம் உன் விரலுக்குக் கீழே போய்த்தான் வந்தது. உன்னுடைய வீட்டின் உறுதி மட்டும் போகவில்லை.

நாங்கள் எப்போதும் செய்வதுபோல நான் பழைய உறுதி ஒன்றை மாதிரிக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வசனங்கள் அதிலிருந்து, பெயரும் அளவும் துண்டிலிருந்து. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது, பசி வேறு. உன் காது சிவந்தது வேறு எனக்குள் கிடந்து எரிந்தது. எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளில் ஒன்றிலாவது கிணறு இருந்ததா? மாதிரியில் இருந்த காணி வடக்குத் தெற்காக எட்டுப் பாகம். கை மாதிரியிலிருந்து 'எயிட்' என்று எழுத்தில் அடித்தது, அடைப்புக்குறிக்குள் துண்டைப் பார்த்து 14 என்று அடித்தது. நான் பார்க்கவில்லை. ஒப்பும் பார்க்கவில்லை. கந்தோர்ப் பிரதியின் அடியில் என் முதலெழுத்துகளை வைத்தேன். பக்கத்தில் உன்னுடையதையும் நானே வைத்தேன்.

தெரிந்துதான் செய்தாயா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். எட்டு என்று அடித்தது தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் தெரிந்து செய்தது.

உன் மாமனாருக்கு ஆங்கிலம் தெரியாது. பெரியவர் உறுதியைக் கையில் பிடித்துத் தமிழில் விளங்கப்படுத்தினார். அவரும் கண்ணில் பட்ட இலக்கத்தைத்தான் பார்த்தார். "வடக்குத் தெற்காப் பதினாலு பாகம், சரிதானே?" என்றார். "ஓம் சேர், சரி," என்று உன் மாமனார் கையெழுத்து வைத்தார். உன் கல்யாணத்துக்கு வந்து ஆறு பேரோடு ஒரே சகன் தட்டில் இருந்து சாப்பிட்டேன். நீ வந்து என் பக்கத்தில் இறைச்சியை அள்ளி வைத்துவிட்டுப் போனாய்.

கல்யாணம் முடிந்த ஏழாம் மாதம் மாமனார் மௌத்தானார், நெஞ்சு வலி. நாற்பதாம் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் சாச்சா பத்துக் கதியாலோடு வந்து நின்றார். உறுதியின் பிரதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டியிருக்கிறார். எழுத்தில் எட்டுத்தான் இருக்கிறது. எட்டுப் பாகம் ஜெமீலாவுக்கு. மிச்சம் ஆறு பாகமும் மௌத்தானவரின் பேரிலேயே நிற்கிறது, அதில் தனக்குப் பங்கு என்றார். அந்த ஆறு பாகத்துக்குள் பாதிக் குசினியும் கிணறும் இருந்தன.

நீ உறுதியைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு ஓடி வந்த மாதிரி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பெரியவர் உன்னையும் என்னையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கந்தோர்ப் பிரதியை எடுத்து அடியில் விரலை வைத்தார்.

"இஞ்ச பாரு. ஒப்புப் பாத்தெண்டு ஒன்ட எழுத்து இரிக்கி."

நீ குனிந்து பார்த்தாய். "இது நான் வெச்ச எழுத்து இல்ல சேர்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "இவன் வாசிச்சானா, இல்லையா?"

நீயும் என்னைப் பார்த்தாய். மச்சான், ஒரு சொல் போதுமாக இருந்தது. 'இல்லை' என்று சொல்லியிருந்தால் பிழை என்னுடையது என்று அந்த அறைக்குள்ளேயே முடிந்திருக்கும், பெரியவர் நீதிமன்றத்தில் போய் நின்று திருத்தி எழுதக் கேட்டிருக்கலாம். என் தலைக்கு மேலே 'முதலாம் வகுப்பு' ஒட்டியிருந்தது எனக்கு நினைவு வந்தது. உம்மாவின் மருந்தும் நினைவு வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதே.

"ஓம் சேர், வாசிச்சவர்," என்றேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி வைக்க அடுப்பு மூட்டும்போது மாமனாரின் கொப்பித் துண்டைக் கடதாசி குத்தும் கம்பியிலிருந்து கழற்றி அடுப்பில் வைத்தேன். பென்சில் எழுத்துக்கூட எரியும்போது கொஞ்ச நேரம் தெரிகிறது.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. பெரியவர் சாட்சிக்கு முதல் நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, "நான் பிழையா உறுதி முடிச்சன் எண்டு வந்தா என்ட லைசன் போயிரும். கந்தோர் போனா நீ எங்க போவாய்?" என்று மட்டும் கேட்டார். மற்றதை நானே செய்துகொண்டேன். அதற்குக்கூட எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.

உங்களுடைய சட்டத்தரணி கேட்டார், "வடக்குத் தெற்காக எத்தனை பாகம் என்று உமக்குச் சொல்லப்பட்டது?"

"எட்டு."

"அப்படியென்றால் அடைப்புக்குறிக்குள் எப்படிப் பதினான்கு வந்தது?"

"அது டைப் அடித்ததில் வந்த பிழை. எழுத்துத்தான் சரி."

சத்தியம் செய்துவிட்டு நின்று சொன்னேன். பின்வாங்கில் ஜெமீலா, மடியில் கைப்பிள்ளையாக நஸீஹா. ஜெமீலா அழவில்லை. பிள்ளையின் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுவிட்டாள். நீ என்னைப் பார்க்கவே இல்லை, நான் சொன்னதை எழுதுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வழக்கு சாச்சாவின் பக்கம் தீர்ந்தது. அளக்கிற நாளன்று பெரியவர் என்னைத்தான் அனுப்பினார். தெற்குப் பக்கத் துண்டு சாச்சாவுக்கு, கிணற்றோடு. அளவுச் சங்கிலி குசினிக்குக் குறுக்கே போனது. சாச்சாவின் மகன்மார் அன்றைக்கே சுவரைத் தள்ள வேண்டும் என்று நின்றார்கள். ஜெமீலா பானை சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் வைத்தாள். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. அதையும் அப்படியே தூக்கி வந்து மணலில் வைத்தாள். "இன்னும் ஒரு கொதி கொதிச்சா எறக்கிருவன்," என்று அவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். யாரும் நிற்கவில்லை. பின்னேரம் வேலி ஏறிவிட்டது. சாச்சா வாளியைக் கிணற்றில் விட்டு முதல் தண்ணீரை அள்ளி, எல்லாருக்கும் தெரிய முகம் கழுவினார்.

மறுநாள் நீ வேலைக்கு வந்தாய். எப்படி வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன், உனக்கும் பிள்ளை இருந்தது. சைக்கிளின் பின்னால் வெறும் பிளாஸ்டிக் கேன் ஒன்று கட்டியிருந்தாய். பின்னேரம் நான்கரைக்குக் கந்தோர்க் கிணற்றடிக்குப் போய், என் மேசைக்கு நேரே தெரிகிற யன்னலுக்கு வெளியே நின்று கேனை நிரப்பினாய். அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, யாரும் குடிக்க மாட்டார்கள். உனக்கும் தெரியும். அடுத்த தெருப் பள்ளிவாசலில் நல்ல தண்ணீர் இருந்தது. நீ என் முன்னால்தான் நிரப்பினாய்.

"மச்சான், கொஞ்சம் புடிச்சி விடுவியா? பாரமா இரிக்கி."

நான் எழும்பிப் போய்ப் பிடித்துத் தூக்கிச் சைக்கிளில் வைப்பேன். நீ "அல்லாஹ் கூலி தருவான்" என்பாய். ஆறு வருஷம், மச்சான். அரை நாளோடு மூடுகிற வெள்ளிக்கிழமை தவிர, கந்தோர் திறந்த ஒவ்வொரு நாளும்.

ஒப்புப் பார்ப்பதும் நடந்தது. நான் வாசிக்க வேண்டும், நீ விரல் வைப்பாய். எட்டு என்று எங்கே வந்தாலும் உன் விரல் நின்றுவிடும். "இன்னொருக்கா," என்பாய். வாசிப்பேன். "வெளங்கல்ல, இன்னொருக்கா." வாங்கில் இருக்கிறவர்களுக்கு நீ கவனமான ஆள். ஒருநாள் காலை வந்து பார்த்தபோது சுவரில் ஒட்டியிருந்த தாளில் எட்டாவது வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் அது விளங்கவில்லை. உனக்கு நல்ல மனசு என்று உன் ஜனாஸாவில் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ என்னை ஊரில் காட்டிக்கொடுக்கவில்லை, அது மெய்தான். காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு மாதம் ஏசுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். நீ என்னை விடவில்லை.

ஆனால் நான் உன்னிடமிருந்து எடுத்தது கிணறு. நீ என்னிடமிருந்து எடுத்தது தூக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வெட்கமில்லாமல் இல்லை.

எண்பத்தெட்டில் உனக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அம்பாறை ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நீ ஆள் விட்டு அனுப்பினாய். கால்கள் வீங்கி, முகம் மட்டும் சிறுத்துக் கிடந்தாய். யன்னலால் பார்த்தால் சாச்சாவின் வேலி. ஜெமீலா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"மச்சான், நான் அண்டைக்கு..."

நீ கையை உயர்த்தினாய்.

"செல்லாத. எழுதித் தா."

"என்னத்த?"

"நடந்தத. சத்தியக் கடதாசியா அடிச்சி, ஒப்பம் வெச்சித் தா. சாச்சாட மகனுகள் இப்ப கொஞ்சம் எறங்கி வாறானுகள். அத வெச்சிப் புள்ளைக்கிட்டக் கிணத்தடியக் குடுப்பானுகள். எனக்கு இனித் தண்ணி தேவல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எண்ணெல்லாம் எழுத்துல அடி. இலக்கம் வாணாம்," என்றாய்.

அன்று இரவே அடித்துவிட்டேன். பெரியவரின் கந்தோரில் என் வாழ்க்கையில் நான் ஒரு பிழையும் இல்லாமல் அடித்த ஒரே தாள் அது. ஊசி எடுத்து எழுத்துகளின் வயிற்றைக்கூடத் துப்புரவு செய்தேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டேன். காலையில் உன் வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் முன்னால் வைத்து ஒப்பமிடுவதாகத்தான் எண்ணம்.

அந்த மாதம்தான் பெரியவர் என் பெயரைச் சமாதான நீதவான் பதவிக்கு எழுதி அனுப்பியிருந்தார். நீதிமன்றத்தில் பொய்ச் சத்தியம் செய்தேன் என்று எழுதி ஒப்பமிட்டவனுக்கு யார் முத்திரை கொடுப்பார்கள்? காலையில் போகவில்லை. அன்று ஊரடங்குச் சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரடங்கு பின்னேரம் நான்கு மணிக்குத்தான் தொடங்கியது. மறுநாளும் போகவில்லை. நீ மூன்று தரம் ஆள் அனுப்பினாய். மூன்றாவது ஆள் திரும்பிப் போகும்போது, "அவர் ஒண்டுமே கேக்கல்ல, கடதாசி முடிஞ்சா எண்டு மட்டும் கேட்டு வரச் சென்னார்," என்றான். "முடிஞ்சி, வாறன் எண்டு செல்லுங்க," என்றேன். நான்காவது நாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயர் வந்தது. உன் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் முன் வலது பக்கம் நான். தோள் நோகத் தூக்கினேன்.

முத்திரை அடுத்த மாதம் வந்தது.

பெரியவர் மௌத்தாகிக் கந்தோரை மூடிய நாளில் சுவரிலிருந்த உன் தாளைத் தண்ணீர் தொட்டு உரித்து எடுத்துவந்தேன். சிவப்பு வட்டம் இன்னும் மங்கவில்லை. மேசை லாச்சியில் அது அடியில் இருக்கிறது, அதன் மேல் சத்தியக் கடதாசி, அதன் மேல் முத்திரைப் பெட்டி. யாருடைய பிரதிக்கு முத்திரை குத்துவதென்றாலும் அந்த லாச்சியைத்தான் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தரமாவது திறக்கிறேன்.

இதுவரை எழுதி முடிக்கும்போது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து மேசைக்கு முன்னால் இருந்தேன். லாச்சியைத் திறந்து உன் கடதாசியையும் வெளியே எடுத்து வைத்தேன், பேனாவையும் திறந்தேன். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். கிணற்றடி இன்னும் சாச்சாவின் மகன்மாரிடம்தான் இருக்கிறது. இப்போது இந்தப் பெண்ணிடம் இந்தத் தாள் போனால் அவளுடைய மாப்பிள்ளை வீட்டாரே போய்க் கதைப்பார்கள். நஸீஹாவின் செருப்புச் சத்தம் வாசல் படலையில் கேட்டது. நான் கடதாசியை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

அவள் முன்னால் வந்து நின்றாள். நான் உறுதியையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒப்புப் பார்க்கிறவன்போல விரலை ஓட்டினேன். அவளும் குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை. என் விரல் போகிற வரியில் அவளுடைய விரலும் வந்து நின்றது, நீ நிறுத்துகிற அதே இடத்தில்.

"மாமா, இஞ்ச எழுத்துல எட்டெண்டு கிடக்கு. இலக்கம் பதினாலெண்டு கிடக்கே?"

"ஓம் மகள்."

"எது சரி?"

"எழுத்துத்தான் மகள். இலக்கம் பிழை."

அவள் தலையை ஆட்டினாள். 'உண்மைப் பிரதி' என்று எழுதி, கையெழுத்து வைத்து, தேதியைப் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினேன். மை காயட்டும் என்று அவள் வாயால் ஊதினாள்.

"உங்களுக்கிட்டத்தான் கொண்டு போகச் சென்ன உம்மா. வாப்பா மௌத்தாகிறத்துக்கு முந்திச் செல்லுவாராம், இந்த ஊருல எண்ண எழுத்துல அடிக்கிறத்துக்கு உங்களப் போல ஆள் இல்லையாம்."

"சிரிச்சிச் சிரிச்சிச் சென்னாராமா?"

"இல்ல மாமா," என்றாள் அவள், ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல். "சிரிக்கல்லையாம்."

அவள் போய்விட்டாள். கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். நான் போவேன், முன் வரிசையில் இருத்துவார்கள், சகனில் இறைச்சி என் பக்கமாகத்தான் வரும்.

முத்திரையைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கடதாசியின் மேல் வைத்தேன். மூடுவதற்கு முன் இன்னொருக்கா வாசித்தேன் மச்சான். தேதி, ஆண்டு, என் வயது, பன்னிரண்டு பாகம், பதினான்கு பாகம், எல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது. இலக்கம் ஒன்றுகூட இல்லை. ஒரு பிழையும் இல்லை, விரல் வைத்து இரண்டு தரம் ஒப்புப் பார்த்தேன். கையெழுத்து மட்டும் இல்லை.